மடித்துவிட்ட சட்டைக் கை

மார்கழி பிறந்துவிட்டால் மேகலாவுக்குக் கொலை வேண்டும். வாரத்துக்கு ஒன்றாவது வேண்டும். கத்திக்குத்தோ, விஷமோ, தலையணை வைத்து அமுக்குவதோ, எதுவானாலும் சரி. புத்தகம் இருநூறு பக்கத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

அவளுடைய 'கடைசிப் பக்கம்' வலைப்பூவைப் படிக்கிறவர்களுக்கு இந்தப் பருவக் கணக்கு மனப்பாடம். சித்திரை வெயிலுக்குப் பேய்க் கதை. ஆடிக் காற்றுக்கு ராஜா ராணி. ஐப்பசி மழைக்குக் காதல். மார்கழிக்குக் கொலை.

"ஊரே விடியக்காலைல எந்திரிச்சு கோயிலுக்குப் போவுது. நீ மட்டும் பொணத்தக் கட்டிக்கிட்டு உக்காந்திரு" என்று அவள் அம்மா கலியம்மாள் ஒவ்வொரு மார்கழியிலும் சொல்வாள். சொல்லிவிட்டு, "இந்தக் கதையில எத்தினி பேரு செத்தாங்க?" என்றும் கேட்பாள்.

பெரம்பலூர் துறைமங்கலத்தில் மாடி வீடு. அம்மாவும் மகளும் மட்டும். பகலில் விதைக்கடையில் பில் போடும் வேலை. சிறுவாச்சூர்ப் பக்கம் அப்பா விட்டுப்போன கொஞ்சம் காடு. அறுப்புக் காலத்தில் இரண்டு பேரும் இறங்கி மக்காச்சோளம் ஒடிப்பார்கள். மிச்ச நேரமெல்லாம் புத்தகம்தான்.

மேகலாவை மற்ற விமர்சகர்களிடமிருந்து பிரித்துக் காட்டியது அவளுடைய ஒரு வழக்கம். கொலைக் கதை என்றால் கடைசி அத்தியாயத்தைப் படிக்க மாட்டாள். அந்தப் பக்கங்களைச் சேர்த்துத் துணிக் கிளிப் மாட்டிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நேரலைக்கு வந்து, அதுவரை படித்ததை வைத்துக் கொலைகாரன் யார் என்று சொல்லுவாள். பிறகுதான் கிளிப்பைக் கழற்றுவாள். அவள் சொன்னது தப்பாகிவிட்டால் நேரலையிலேயே தோப்புக்கரணம். அதைப் பார்ப்பதற்கென்றே ஒரு கூட்டம் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மேசையில் இருந்த புத்தகம், 'கிணற்றில் ஒரு கண்மணி'. எழுதியவர் ஜெயசீலன். அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையின் எடைமேடையில் வேலை பார்க்கிற இளைஞன். முதல் நாவல். தபாலில் அனுப்பாமல் போன வாரம் வீடு தேடி வந்து கையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். முதல் பக்கத்தில் 'அக்காவுக்கு' என்று ஒற்றைச் சொல்.

கதை எளிமையானது. லாரி ஓட்டுகிறவன் ஒருவனின் மனைவி கண்மணி காலையில் சோளக்காட்டுக்குப் போகிறாள். மத்தியானம் கிணற்றில் பிணமாக மிதக்கிறாள். விபத்து என்று போலீஸ் மூடிவிடுகிறது. தம்பி விடாமல் துருவுகிறான். சந்தேகம் பக்கத்துக் காட்டு ராமையா மேல் விழுகிறது. கிணற்றுத் தண்ணீருக்கு அவனோடு நெடுநாள் சண்டை.

மேகலா தொலைபேசியை முக்காலியில் மாட்டிப் பேச ஆரம்பித்தாள்.

"தம்பி நல்லாத்தான் எழுதியிருக்காரு. கதை விறுவிறுன்னு போவுது. ஆனா ஒரு எடத்துல எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. நீங்களே கேளுங்க."

படித்தாள். "'கண்மணியைக் கிணற்றிலிருந்து மேலே தூக்கினார்கள். கணவனின் பழைய நீலச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டிருந்தாள். சட்டைக் கைகள் முழங்கைக்கு மேலே அழகாக மடித்துவிடப்பட்டிருந்தன. ஒரு கீறல்கூட இல்லாத அந்தச் சந்தனக் கைகளில் தண்ணீர் முத்து முத்தாக நின்றது.'"

புத்தகத்தை மூடிவிட்டுக் கேமராவைப் பார்த்தாள். "காலைலேர்ந்து மத்தியானம் வரைக்கும் சோளம் ஒடிச்ச பொம்பளைங்க அது! சந்தனக் கையாம்ல, சந்தனக் கை!"

திரையில் சிரிப்புப் பொம்மைகள் வரிசை கட்டி ஓடின. மேகலா எழுந்துபோய்க் கொடியில் கிடந்த ஒரு சட்டையை எடுத்துச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு வந்தாள்.

"இது எங்க அப்பா சட்டை. இதைப் போட்டுக்கிட்டுத்தான் காட்டுல எறங்குவோம். கைய எறக்கி விட்டு, பொத்தான் போயிருந்தா கயித்தால கட்டிக்குவோம். ஏன்னா சோளத் தோகை இருக்கே, அது பிளேடு. இந்தாப் பாருங்க, போன வாரம் ஒடிச்சது." கையைக் கேமராவுக்கு அருகில் நீட்டினாள். அரை நாழிகை சட்டைக் கை ஏறியிருந்ததற்கே மணிக்கட்டில் சிவப்புக் கோடுகள். "கைய மடிச்சு விட்டுக்கிட்டு சோளம் ஒடிக்கிற பொம்பளை பெரம்பலூரு ஜில்லாவுலயே கெடையாது. தம்பி காட்டுப்பக்கமே..."

பாதியில் நின்றாள்.

"கொஞ்சம் இருங்க" என்றாள். குரலில் இருந்த கிண்டல் காணாமல் போயிருந்தது.

"இது எழுதுனவரு தப்பு இல்லன்னு வெச்சுக்குவோம். வேணும்னே வெச்சிருக்காருன்னு வெச்சுக்குவோம். அப்ப என்ன அர்த்தம்? கண்மணி அன்னிக்குக் காட்டுல எறங்கவே இல்ல. வேற எங்கயோ வெச்சு அடிச்சுக் கொன்னுருக்கான். காட்டுக்குப் போனவ மாதிரி தெரியணும்னு செத்தவளுக்குச் சட்டைய மாட்டியிருக்கான். ராமையா மாட்டியிருந்தா கைய எறக்கித்தான் விட்டிருப்பான். அவன் பொண்டாட்டியும் சோளம் ஒடிக்கிறவதான். ஆணியில மடிச்சபடி தொங்குன சட்டைய அப்பிடியே எடுத்து மாட்டுனவன், சோளக்காட்டுக்குள்ள காலே வெக்காதவன். இந்தக் கதையில அப்பிடி ஒரே ஆளுதான். லாரிக்காரன்."

மூச்சு வாங்கினாள்.

"கொன்னது கண்மணியோட புருஷன். இதுதான் என் தீர்ப்பு. சாப்புட்டு வந்து கிளிப்பக் கழட்டுறேன்."

நேரலையை அணைத்ததும் தொலைபேசி அலறியது. ஜெயசீலன். தவறிய அழைப்புகள் ஏற்கெனவே ஒரு கட்டு.

"என்ன தம்பி, கோவமா? சந்தனக் கைய ரொம்பக் கிண்டல் பண்ணிட்டேனா?"

"மேடம்..." காற்றும் பைக் சத்தமும் குரலைக் கிழித்தன. "அது கதை இல்ல மேடம். எங்க அக்கா. பானுப்ரியா. கெணத்துலேர்ந்து தூக்குனப்ப நான் பக்கத்துலதான் நின்னேன். நீலச் சட்டை. கை மடிச்சிருந்துச்சு. கண்ணால பாத்ததத்தான் எழுதுனேன். எனக்கு என்ன தெரியும், நான் ஹாஸ்டல்ல வளந்தவன்."

மேகலா மேசையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தாள். "அக்கா புருஷன் யாரு?"

"கலைமணி மாமா. ஜேசிபி வெச்சிருக்காரு. போன வாரம் என்னைய உங்க வூட்டுக்குக் கூட்டிட்டு வந்தாரே, அவருதான். புஸ்தகத்த வெளியிட்டதே அவருதான் மேடம்."

அவளுக்கு நினைவு வந்தது. தடித்த கழுத்து. வாய் நிறையச் சிரிப்பு. அம்மா போட்ட காபியை இரண்டு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு, "எங்க ஆத்தா கைப்பக்குவம்" என்றவன். வெள்ளைச் சட்டை. கை முழங்கைக்கு மேலே மடிப்பு கலையாமல் ஏறியிருந்தது.

"மாமா வூடு உங்களுக்குப் பக்கத்து ஊருதான். இன்னிக்கு அங்க டிவிலதான் ஒண்ணா உக்காந்து பாத்தோம். நீங்க சட்டைய மாட்டிக்கிட்டு வந்தீங்கல்ல, அப்பவே 'இருடா, டீ சொல்லிட்டு வரேன்'னு எந்திரிச்சுப் போனாரு. வரவே இல்ல. வண்டியும் இல்ல. நான் அங்கதான் வந்துக்கிட்டு இருக்கேன். கதவச் சாத்துங்க மேடம், யாரு வந்து தட்டுனாலும்..."

முன்பக்கத்தில் தாழ்ப்பாள் விலகியது. கலியம்மாளின் குரல் சந்தோஷமாகக் கேட்டது.

"அட, வாங்க தம்பி வாங்க! எங்க, புஸ்தகக்காரத் தம்பி வரலையா?"

மேகலா கூடத்துக்கு ஓடி வருவதற்குள் எல்லாம் நடந்து முடிந்திருந்தது. கதவு உள்ளே தாழிடப்பட்டிருந்தது. கலியம்மாளின் கொண்டை கலைமணியின் இடது கையில் இருந்தது. வலது கையில் அரிவாள். அதன் வளைவு அம்மாவின் கழுத்துக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்திருந்தது.

"கத்துனே, ஒரே இழுப்புதான்" என்றான். சத்தமே போடாமல் சொன்னான்.

மேகலா தொலைபேசியைப் பின்னால் மறைத்தாள். அவன் அம்மாவை இழுத்துக்கொண்டே வந்து காலால் மேகலாவின் வயிற்றில் உதைத்தான். புத்தக அலமாரியில் போய் மோதினாள். மார்கழிக்காக அடுக்கி வைத்திருந்த கொலைகள் அத்தனையும் தலையில் கொட்டின. எழுவதற்குள் அரிவாள் பிடி வாயில் இறங்கியது. பல் ஒன்று நாக்கில் உருண்டது.

தொலைபேசியைப் பிடுங்கித் திரையைப் பார்த்தான். "என் மச்சானா? வரட்டும். அவன் வர்றதுக்குள்ள நம்ம வேலை முடிஞ்சிரும்." அழைப்பைத் துண்டித்தான்.

"எங்கம்மாவ விட்டுரு" என்றாள் மேகலா. ரத்தம் தாடையில் வழிந்தது.

"விடத்தான் வந்திருக்கேன். நீ கெட்டிக்காரி. வர்ற வழியெல்லாம் போன்ல கேட்டுக்கிட்டேதான் வந்தேன். போலீசுக்காரன் பாக்கல, டாக்டரு பாக்கல, ஊரே சுத்தி நின்னு பாத்துச்சு, எவளுக்கும் தோணல. அழுவுற சத்தத்துல எவளும் கையப் பாக்கல. நீ ஒரு வரியப் படிச்சிட்டுக் கண்டுபிடிச்சிட்ட. ஆனா உன் தீர்ப்பு இன்னும் முடியலையே. கிளிப்பு கழட்டல."

மேசையிலிருந்த புத்தகத்தைக் காலால் அவள் பக்கம் தள்ளினான்.

"கடைசி அத்தியாயம் நான் படிச்சிருக்கேன். அதுல கொன்னது ராமையா. அதாவது எங்க பக்கத்துக் காட்டு ராசாங்கம். மச்சான் பேரை மட்டும் மாத்திட்டான். இப்ப நீ மறுபடி லைவ்ல வர்ற. கடைசி அத்தியாயத்தப் படிக்கிற. 'நான் சொன்னது தப்பு, புருஷன் நல்லவன், கொன்னது ராமையா'ங்கிற. அப்புறம் தோப்புக்கரணம் போடுற. சனங்க சிரிச்சிட்டுப் போயிரும். சட்டைக் கைய எவனும் நெனைக்க மாட்டான்."

"போட்டா?"

"போயிக்கிட்டே இருப்பேன்."

"போடாதடி" என்றாள் கலியம்மாள். அரிவாள் இன்னும் கொஞ்சம் பதிந்தது. அவள் கழுத்தில் ரத்தம் நூல் மாதிரி இறங்கியது.

"ராசாங்கம் என்ன ஆவான்?" என்று மேகலா கேட்டாள்.

கலைமணி சிரித்தான். "புஸ்தகம் வந்த அன்னிக்கே பசங்க கல்லால அடிச்சு மண்டைய ஒடைச்சிட்டானுங்க. ஊரை விட்டே ஓடிட்டான். நான் ஒரு வார்த்த சொல்லல. எழுதுனது என் மச்சான், அடிச்சது ஊரு. மூஞ்சியத் தொடை."

அவள் முந்தானையால் ரத்தத்தைத் துடைத்தாள். தொலைபேசியை முக்காலியில் மாட்டினாள். கலைமணி அம்மாவோடு முக்காலிக்குப் பின்னால், அடுக்களை வாசலில் போய் நின்றுகொண்டான். கேமராவுக்குத் தெரியாது. மேகலாவுக்கு மட்டும் நேர் எதிரே அம்மாவின் முகம். அதற்கும் பின்னால் அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. மத்தியானச் சோறு.

நேரலை தொடங்கியது. ஐந்தாறு பேர், ஐம்பது பேர், அப்புறம் எண் தடதடவென்று ஏறியது.

"அதுக்குள்ள மறுபடி வந்துட்டேன்னு பாக்குறீங்களா? ஆவல் தாங்கல. கிளிப்பக் கழட்டிட்டேன்."

'அக்கா உதட்டுல என்ன?' என்று ஒருவர் எழுதினார். "கதவுல இடிச்சுக்கிட்டேன்" என்றாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

படித்தாள். ஜெயசீலன் அந்த அத்தியாயத்தை வெறியோடு எழுதியிருந்தான். தம்பி அரிவாளோடு ராமையாவின் கொட்டகைக்குள் நுழைகிறான். முதல் வெட்டு தோளில். இரண்டாவது வெட்டு தடுத்த கையில். ராமையா மண்ணில் புரண்டு, நான்தான் தள்ளினேன் என்று ஒப்புக்கொள்கிறான். 'அக்கா, உன் தண்ணீருக்கு ரத்தம் எடுத்துவிட்டேன்' என்று தம்பி கிணற்றைப் பார்த்துக் கத்துகிறான். நாவல் அங்கே முடிந்தது.

புத்தகத்தை மூடினாள்.

"அப்ப... நான் சொன்னது தப்பு. புருஷன் கொல்லல." நிறுத்தினாள். எதிரே அரிவாள் அசைந்தது. "கொன்னது ராமையா."

'ஹா ஹா ஹா.' 'தோப்புக்கரணம்! தோப்புக்கரணம்!' 'பாவம்க்கா அந்தப் புருஷன்.'

எழுந்து காதைப் பிடித்துக்கொண்டாள். உட்கார்ந்தாள். எழுந்தாள். உதைபட்ட வயிறு சுருண்டது. பல் போன ஓட்டையிலிருந்து ரத்தம் உள்ளே இறங்க, விழுங்கினாள். ஒவ்வொரு முறை எழும்போதும் திரை கண்ணுக்கு நேராக வந்தது. ஒரு முறை எழுந்தபோது இது ஓடியது:

'இது எங்க ஊர்ல நெசமா நடந்தது. அந்தாளு பேரு ராசாங்கம். இப்ப திருமானூர்ல மவ வூட்டுல பதுங்கியிருக்கான்.'

அடுத்த முறை எழுந்தபோது அதற்குக் கீழே:

'நாங்க திருமானூர்தான். வூடு எந்தத் தெரு?'

'நாலு பேரு வண்டி எடுங்கடா. இன்னிக்கே உரிச்சிரலாம்.'

'அக்காவே சொல்லிட்டாங்கல்ல. கெளம்பு கெளம்பு.'

மேகலா உட்கார்ந்த இடத்திலேயே ஒரு கணம் தங்கினாள். அம்மாவைப் பார்த்தாள். கழுத்தில் இறங்கிய நூல் இப்போது ரவிக்கையில் பூவாகிவிட்டிருந்தது. அம்மாவும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று மேகலாவுக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள நேரமும் இல்லை.

எழுந்தாள். எழுந்த வேகத்திலேயே முக்காலியைப் பிடித்து ஒரே திருப்பு திருப்பினாள்.

கலைமணி தன் முகத்தையே பார்த்தான். திரை முழுக்க அவன். கையில் அரிவாள், அரிவாளுக்குள் ஒரு கிழவியின் கழுத்து, அதன் மேலே கடகடவென்று ஏறுகிற எழுத்துகள்.

"கொன்னவன் இவன்தான்!" மேகலா கத்தினாள். "பேரு கலைமணி! ராசாங்கத்தத் தொடாதீங்க! இவன்தான் பொண்டாட்டியக் கொன்னான்!"

அவன் கண்ணிமைக்கிற நேரம் உறைந்து நின்றான். அப்புறம் அரிவாள் அம்மாவின் கழுத்தை விட்டுக் காற்றைக் கிழித்துக்கொண்டு அவளிடம் வந்தது.

மேகலா கையைத் தூக்கினாள். தூக்கியது இடது கை. சத்தம் முருங்கைக்காய் ஒடிவதுபோல் இருந்தது. வலி உடனே வரவில்லை. சுண்டுவிரலும் மோதிரவிரலும் தரையில் கிடப்பதைத்தான் முதலில் பார்த்தாள். அப்புறம் வலி வந்தது, தோள் வரைக்கும் தீ வைத்ததுபோல். முக்காலி சாய்ந்தது. தொலைபேசி கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது.

இரண்டாம் வெட்டுக்குக் கை ஓங்கியவன் அலறினான்.

கலியம்மாள் உலைப்பானையைத் துணியில்லாமல் வெறுங்கையால் தூக்கியிருந்தாள். கொதிக்கிற கஞ்சியும் வேகாத அரிசியும் அவன் தலையில் கவிழ்ந்தன. கன்னத்துத் தோல் வழன்றது. கண்ணைப் பொத்திக்கொண்டு அரிவாளைக் கண்டபடி வீசினான். ஒரு வீச்சு அலமாரியில் இறங்கியது. ஒன்று கலியம்மாளின் தோளைச் சீவியது. அவள் விடவில்லை. காலிப் பானையாலேயே அவன் மண்டையில் அடித்தாள். "என் வூட்டுல காப்பித் தண்ணி குடிச்சிட்டுப் போனியேடா!" அடித்தாள். "ஆத்தாங்கிறியே, ஆத்தா!" மறுபடி அடித்தாள். பானை நசுங்கியது.

வெளியே கதவு அதிர்ந்தது. இரண்டாவது மோதலில் தாழ்ப்பாள் பெயர்ந்து ஜெயசீலன் உள்ளே வந்து விழுந்தான். தரையில் விரல்கள், ரத்தத்தில் சோறு, நடுவில் முழங்காலிட்டு ஊளையிடுகிற மாமா. ஒரு நொடி பார்த்தான். அப்புறம் அரிவாளை மிதித்துப் பிடுங்கினான்.

"எங்கக்காவ என்னடா பண்ணுன?"

"மச்சான், கண்ணு தெரியலடா..."

அரிவாளைத் திருப்பிப் பிடித்து அதன் முதுகால் முழங்காலில் போட்டான். எலும்பு நொறுங்கும் சத்தம் மேகலாவுக்கும் கேட்டது. "என்ன பண்ணுன?" அடுத்த முழங்கால். "மூணு வேளையும் உன் வூட்டுல சோறு தின்னுட்டு, ராசாங்கத்த வெட்டுற மாதிரி உக்காந்து எழுதிக்கிட்டு இருந்தனேடா! நீ பக்கத்துல உக்காந்து பேனா எடுத்துக் குடுத்தியே!"

இப்போது அரிவாள் கூர்ப்பக்கமாகத் திரும்பி மேலே போனது. மேகலா ரத்தம் கொட்டும் கையோடு அவன் காலைக் கட்டிப்பிடித்தாள்.

"வெட்டாத! போன் ஓடிக்கிட்டு இருக்கு. எல்லாரும் கேட்டுக்கிட்டு இருக்காங்க. இவன் செத்துட்டா ராசாங்கம்தான் மறுபடியும் கொலைகாரன். சொல்ல வை!"

ஜெயசீலன் கட்டிலுக்கு அடியில் பார்த்தான். அரிவாளை இறக்கினான். இறக்கி, முனையைக் கலைமணியின் காதுக்குள் வைத்தான்.

"சொல்லு."

"காட்டுல மண்ணு எடுக்க விடமாட்டேன்னா" என்று அழுதான் கலைமணி. வெந்துபோன உதடுகள் ஒட்டி ஒட்டிப் பிரிந்தன. "ஜேசிபி முன்னாடி வந்து படுத்துக்கிட்டா. எங்கப்பன் காடுன்னா. வூட்டுக்கு இழுத்துட்டுப் போயி ஒரு அடிதான் அடிச்சேன். மம்மட்டிக் காம்பு. பின் மண்டையில பட்டுருச்சு. மூச்சு இல்ல. அவ காட்டுக்குப் போட்டுட்டுப் போற சட்டையத் தேடுனேன், கெடைக்கல. ஆணியில என் சட்டை கெடந்துச்சு."

"நீதான் அவளுக்கு மாட்டுனியா?"

"நான்தான்டா மாட்டுனேன். நான்தான் போட்டேன், கெணத்துல. விட்றா..."

ஜெயசீலன் அரிவாளை வீசி எறிந்தான். சுவரோரம் போய் உட்கார்ந்து, வாயில் முந்தானையை வைத்து அழுகிற பெண்பிள்ளை மாதிரி, சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டு அழுதான். கட்டிலுக்கு அடியிலிருந்து தொலைபேசி விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. தெருவில் ஆட்கள் ஓடி வரும் சத்தம், அதற்குப் பின்னால் ஜீப்.

ஆம்புலன்ஸ் திருச்சி போகிற வழியில் சிறுவாச்சூரைத் தாண்டியது. மேகலா படுத்திருந்தாள். கை மூட்டையாகக் கட்டப்பட்டு மார்பின் மேல் கிடந்தது. எதிர்ப் பலகையில் கலியம்மாள், கழுத்திலும் தோளிலும் கட்டு, இரண்டு உள்ளங்கையும் கொப்புளம். அந்தக் கைகளாலேயே, ஐஸ் போட்ட பிளாஸ்டிக் பையை மடியில் பிடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே விரல்கள் இருந்தன. ஒன்று ஒட்டலாம், ஒன்று சந்தேகம் என்று பெரம்பலூரில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"திருமானூருக்குப் போனவனுங்க?" என்று மேகலா கேட்டாள். பல் இல்லாத வாயில் வார்த்தை ஊதியது.

"பாதி வழியிலயே திரும்பிட்டானுங்களாம். எஸ்.ஐ. சொன்னாரு. அந்தாளு வூட்டுக்குக் காவல் போட்டிருக்காங்களாம்."

"ஜெயசீலன்?"

"ஸ்டேஷன்ல. காலை ஒடைச்சதுக்குக் கேசு உண்டாம். போடுங்க சார்னு கைய நீட்டிட்டானாம்."

வண்டி ஒரு லாரியைத் தாண்டியது. மேகலா கண்ணை மூடினாள். திறந்தபோதும் அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி" என்றாள் கலியம்மாள். "நீ போனைத் திருப்புனப்ப கத்தி எங்கழுத்துல இருந்துச்சு."

"ஆமாம்மா."

"அவன் உன்னைய வெட்ட வந்தான். வராம, நின்ன எடத்துலயே ஒரு இழுப்பு இழுத்திருந்தா?"

மேகலா ராசாங்கத்தின் முகத்தை நினைத்துப் பார்க்க முயன்றாள். அந்த மனிதனை அவள் பார்த்ததே இல்லை.

"தெரியலம்மா" என்றாள்.

பையில் ஐஸ் கரைந்து சொட்டத் தொடங்கியிருந்தது. கலியம்மாள் டிரைவர் பக்கத்துச் சிறிய ஜன்னலைத் தட்டினாள்.

"தம்பி, எங்கயாச்சும் ஐஸ் கெடைக்கிற கடையாப் பாத்து நிறுத்துங்க" என்றாள். அப்புறம் மகள் பக்கம் திரும்பாமலே முந்தானையை இழுத்து அந்தப் பையைச் சுற்றிப் பொத்திக்கொண்டாள்.